சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? முதல் ஆறு மாதத்துக்கான வழிகாட்டி

என் முதல் சிப்பிப்பாறைக் குட்டி எங்கள் வீட்டில் இருந்தது 11 நாள்தான். 35 நாள் குட்டியாக வாங்கி வந்தேன். எட்டாம் நாள் வாந்தி, ஒன்பதாம் நாள் ரத்தக் கழிச்சல், பதினொன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. பார்வோ என்ற வைரஸ் நோய். "வேட்டை நாய் ரத்தம், இதெல்லாம் தாங்கிடும்" என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன். அந்த ஒரு நாளை இன்னும் மறக்க முடியவில்லை.

ஒன்பது மாதம் கழித்து வந்தவள் சிட்டு. இப்போது அவளுக்கு இரண்டரை வயது. முதல் குட்டியிடம் செய்த தவறுகளையும் சிட்டுவிடம் சரியாகச் செய்தவற்றையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ராஜபாளையம், கன்னி, கோம்பை ஆகிய நம் ஊர் இனக் குட்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வளர்ந்த பிறகு எவ்வளவு வலுவான நாயாக இருந்தாலும், குட்டியாக இருக்கும்போது அதுவும் ஒரு பச்சைப் பிள்ளைதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

முதலில் மதில். சிட்டு ஆறு மாதத்திலேயே எங்கள் நாலரை அடி மதில் மேல் ஏறி நின்றாள். அவசர அவசரமாக மேலே வலை கட்டினோம். குட்டி வருவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். மாடி வீட்டிலும் வளர்க்கலாம், ஆனால் காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போக ஆள் வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை ஒரு வரியாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சில் சொன்னது ஆறு மாதம் கழித்து மாறும்.

அடுத்தது நேரம். முதல் ஒரு மாதம் பகலில் வீட்டில் யாராவது ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நாளுக்கு நான்கு வேளை சாப்பாடு, ஒவ்வொரு தூக்கத்துக்குப் பிறகும் வெளியே தூக்கிப் போவது என்று வேலை சரியாக இருக்கும்.

மூன்றாவது, "முயலுக்குக் கூட்டிப் போகலாம்" என்ற ஆசை. அதை இப்போதே விட்டுவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொன்றால் மட்டும் வேட்டை அல்ல; விரட்டுவதும் பொறி வைப்பதும் வேட்டைதான். நாயை முயல் மேல் ஏவிவிட்டாலே குற்றம். மயில் திரியும் ஊரில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த நாய்கள் கண்ணால் பார்த்து ஓடுபவை. அசைகிற எதைக் கண்டாலும் கால் தானாகப் போகும்.

2. குட்டியைத் தேர்ந்தெடுப்பது

எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்காதீர்கள். 2017 நாய் இனப்பெருக்க விதிகளும் அதற்கு முன் விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. ஆனாலும் 35 நாளிலேயே தள்ளிவிடப் பார்ப்பார்கள். தாயிடம் பால் குறைந்து, குட்டிகளுக்குத் தீனி போடும் செலவு தொடங்கும் நேரம் அது. குட்டிக்கோ அந்த மூன்று வாரம் ரொம்ப முக்கியம். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அது தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும்தான் கற்றுக்கொள்கிறது.

நேரில் போங்கள். கோவில்பட்டி, சாத்தூர், ராஜபாளையம் பக்கத்துக் கிராமங்களில் பரம்பரையாக இந்த நாய்களை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். போனில் படம் அனுப்பி, "இன்றைக்கு அட்வான்ஸ் போடாவிட்டால் குட்டி போய்விடும்" என்று அவசரப்படுத்தினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தாயைக் கட்டாயம் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும். குட்டியில் சிப்பிப்பாறையும் கிரேஹவுண்ட் என்ற வெளிநாட்டு ஓட்ட நாயின் கலப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெற்றவற்றைப் பார்க்காமல் "சுத்தமான இனம்" என்ற சொல்லுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் இருந்தால் புழு. வாலுக்கு அடியில் ஈரமாக ஒட்டியிருந்தால் கழிச்சல். தொப்புளில் மெத்தென்ற சின்னப் புடைப்பு தெரிந்தால் குடலிறக்கமா என்று டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஒரே ஈத்தில் ஒரு குட்டிக்குக் கழிச்சல் இருந்தால் மற்றதையும் அன்று வாங்க வேண்டாம். நான் அதைப் பார்த்தும் வாங்கினேன்.

ராஜபாளையம் இனம் என்றால் காதையும் சோதிக்க வேண்டும். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த இனத்தில் பிறவிச் செவிட்டுக் குட்டிகள் வருவதுண்டு. குட்டியைத் தனியே பிரித்து, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். கூட்டத்தோடு விட்டுச் சோதித்தால் மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பும், ஏமாந்துபோவீர்கள்.

"காதை அறுத்துத் தருகிறோம், எடுப்பாக இருக்கும்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது கொடுமை. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

3. அன்றே கையில் வாங்க வேண்டிய காகிதங்கள்

ஊசிச் சீட்டு. அதில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், போட்ட தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். "ஊசி போட்டாச்சு" என்ற வாய்ச்சொல்லைப் போடாத ஊசியாகவே கணக்கில் வையுங்கள். பூச்சி மருந்தின் பெயரும் தேதியும். பிறந்த தேதி எழுத்தில். அடுத்த ஊசிக் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். பணம் கொடுத்ததற்கு ரசீது.

தொழிலாக இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் கேளுங்கள். "கென்னல் கிளப் பேப்பர் (நாயின் இனப் பதிவுச் சான்று) பிறகு வரும்" என்பது அடுத்த பொறி. தாய், தகப்பன் இரண்டின் பதிவு எண்ணையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். எண் தர முடியாதவரிடமிருந்து பேப்பர் வராது. கண்காட்சிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லையென்றால் அதற்காகக் கூடுதல் பணமும் கொடுக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு. இதுவரை என்ன தின்றது, எத்தனை வேளை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாய் படுத்திருந்த சாக்கிலோ துணியிலோ ஒரு துண்டு கேளுங்கள்.

4. பயணமும் முதல் மூன்று இரவும்

கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு எங்களுக்குப் பத்து மணி நேரம் ஆனது. வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பினோம். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிட்டோம். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மட்டும். நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் குட்டியைத் தரையில் விடவே கூடாது. பல ஊர் நாய்கள் வந்துபோகும் இடம் அது. காரிலேயே பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவு அழும். தனி அறையில் அடைத்து "பழகட்டும்" என்று விட வேண்டாம். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி வைத்து, அந்தச் சாக்குத் துண்டை உள்ளே போடுங்கள். சிட்டு அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு, என் விரல் பெட்டிக்குள் இருந்தால்தான் தூங்கினாள். நான்காம் இரவு விரல் தேவைப்படவில்லை.

ஒன்றுக்குப் போகப் பழக்குவதற்கு அடியோ திட்டோ தேவையில்லை. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். போனதும் பாராட்டுங்கள். இந்த இன நாய்கள் மனதில் வைத்துக்கொள்ளும் சுபாவம் உடையவை. ஒரு முறை கை ஓங்கினால் ஒரு வாரம் அருகில் வராது.

5. ஊசியும் பூச்சி மருந்தும்

இந்த ஒரு பகுதியையாவது அப்படியே பின்பற்றுங்கள்.

டிஸ்டம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசியை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்குவார்கள். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் நிறையும் வரை. "இரண்டு போட்டாச்சு, போதும்" என்று நிறுத்துவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. தாய்ப்பால் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் அது செயலிழக்கச் செய்துவிடும். அந்தச் சக்தி எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 16 வாரத்தைத் தாண்டி ஒன்று விழ வேண்டும் என்கிறார்கள்.

ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். அடுத்தது எப்போது என்று டாக்டர் சீட்டில் எழுதுவார். பிறகு ஆண்டுதோறும் தவறாமல். ஊசி முடியாத குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசிக் கூட்டு ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் ஆகும்வரை தெருவில், பூங்காவில் இறக்கிவிட வேண்டாம். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்க வேண்டாம். 16 வாரத்துக்குள் பார்த்ததையும் கேட்டதையும்தான் நாய் பின்னால் சகஜமாக எடுத்துக்கொள்ளும். சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் அரை மணி நேரம் தெருமுனையில் நிற்பேன். பஸ் ஹாரன், குப்பை வண்டிப் பாட்டு, ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர் எல்லாவற்றையும் கைமேலிருந்தே பார்த்துப் பழகினாள். கன்னிக் குட்டிகள் கூச்சம் அதிகம் உள்ளவை, அவற்றுக்கு இது இன்னும் அவசியம்.

பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அளவு எடையைப் பொறுத்தது, குத்துமதிப்பாகக் கொடுக்கக் கூடாது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள்.

குட்டி ஒரு வேளை தின்னாமல் இருந்து, கூடவே சோர்ந்து படுத்தால் அன்றே டாக்டர். வாந்தியோ கழிச்சலோ இருந்தால் ராத்திரி என்றும் பார்க்க வேண்டாம். பார்வோவில் உயிரைக் குடிப்பது நீரிழப்பும் கிருமித் தொற்றும். குளுக்கோஸ் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு வாய்ப்பு. சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழி தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் திறந்திருக்கும் இடம் எது என்று குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

வீட்டில் முன்பு பார்வோவில் ஒரு குட்டி இறந்திருந்தால் அவசரப்படாதீர்கள். அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். ஃபினைலை நம்ப முடியாது. தரையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். நான் ஒன்பது மாதம் காத்திருந்தது இதனால்தான்.

6. சாப்பாடு

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். விற்றவர் வீட்டில் கேழ்வரகுக் கூழும் முட்டையும் தின்றதென்றால் அதையே கொடுங்கள். பிறகு ஏழு நாளில் மெல்ல மாற்றுங்கள்: முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, அப்புறம் முக்கால். ஒரே நாளில் மாற்றினால் வரும் கழிச்சலைப் பார்வோ என்று பயந்து ஓடுவீர்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பின் இரண்டு வேளை. பாக்கெட் உணவு போட்டால் "பப்பி" என்று போட்டதையே வாங்குங்கள், அளவைப் பையின் பின்புற அட்டவணையில் எடைக்கு ஏற்பப் பாருங்கள். ராஜபாளையம் பெரிய உடம்பு, அதற்குப் பெரிய இனக் குட்டிகளுக்கான பை.

வீட்டுச் சாப்பாடுதான் என்றால், பால் சோறு மட்டும் போட்டு வளர்க்க முடியாது. தாய்ப்பால் மறந்த பல குட்டிகளுக்கு மாட்டுப்பால் வயிற்றைக் கலக்கும். சிட்டுவுக்கு வேகவைத்த கோழி பாதி, குழைந்த சோறோ கேழ்வரகோ கால், பூசணி, கேரட், முட்டை மீதி என்று வைத்தேன். உப்பு, மசாலா எதுவும் இல்லை. ஆனால் வெறும் கறியில் கால்சியம் போதாது, எலும்பு வலுவிழக்கும். அதனால் நாளில் இரண்டு வேளை பப்பி உணவு, இரண்டு வேளை வீட்டுச் சாப்பாடு என்று டாக்டர் பிரித்துக் கொடுத்தார்.

இங்கேதான் அடுத்த பொறி இருக்கிறது. "கால் உயரமான நாய், கால்சியம் ஊற்று" என்று எல்லாரும் சொல்வார்கள். கடையிலும் பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டியின் குடல் வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாதது, கொடுத்ததையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். சரியான பப்பி உணவில் வேண்டியது இருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுக்காமல் ஒரு சொட்டும் வேண்டாம்.

"விலா தெரியுதே, சோறு போடலையா?" இந்தக் கேள்வியை வாரத்துக்கு நான்கு பேர் கேட்பார்கள். சிப்பிப்பாறை, கன்னியின் உடல்வாகே அப்படித்தான். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவது ஆரோக்கியம். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தினால்தான் மெலிவு. ஊர் வாயை அடைக்கத் தீனியை ஏற்றாதீர்கள். வாரம் ஒரு நாள் எடையைக் குறித்து வந்தாலே போதும். சிட்டு இரண்டு மாதத்தில் 4 கிலோ 200 கிராம், நான்கு மாதத்தில் ஒன்பதரை, ஆறு மாதத்தில் 14.

தரவே கூடாதவை: வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சர்க்கரையில்லாத சூயிங்கம். வெந்த எலும்பும் கூடாது, ஊசிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும். மீந்த குழம்புச் சோறு நாய்க்கென்று வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதில் வெங்காயம் இல்லாத நாள் எது? பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள். காய்ச்சலுக்கு நம் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பதும் ஆபத்து.

7. உண்ணி

உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் வெயிலில் வருஷம் முழுக்க வரும். தினமும் மாலை காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். பிடுங்கும்போது தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. உண்ணி மருந்தின் பெட்டியில் எந்த வயதிலிருந்து, எந்த எடைக்கு என்று இருக்கும். அதைப் படிக்காமல் போட வேண்டாம். வயலுக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. இந்த நாய்களுக்குத் தோல் மெல்லியது, குட்டி செத்தே போகும்.

8. பெல்ட், ஓட்டம்

கழுத்தைவிடத் தலை குறுகலான நாய்கள் இவை. சாதாரண பெல்ட்டை ஒரே பின்வாங்கலில் உருவிவிட்டு ஓடிவிடும். சிட்டு அப்படி ஓடி நடுரோட்டில் நின்றபோது என் உயிர் போய் வந்தது. இழுத்தால் கொஞ்சம் இறுகி நிற்கும் அகலமான பெல்ட்டோ, உடம்பில் மாட்டும் ஹார்னஸோ வாங்குங்கள். செயினைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம்.

ஒரு வயது வரை பைக் பின்னால் ஓடவிடுவது, படியில் ஏற்றி இறக்குவது கூடாது. எலும்பு முற்றியிருக்காது. குட்டி தானாக ஓடி, தானாக நிற்பதே போதும். விரட்டும் ஆசைக்கு நீளக் கயிற்றின் முனையில் வெள்ளைத் துணி கட்டி மதிலுக்குள் இழுத்து ஓடுங்கள். பத்து நிமிடத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவதை மூன்றாம் மாதத்திலேயே பழக்குங்கள். வந்தால் எப்போதும் ஒரு துண்டுக் கறி. திட்டுவதற்காக மட்டும் ஒரு நாளும் பெயரைச் சொல்லி அழைக்காதீர்கள்.

9. உரிமமும் செலவும்

ரேபிஸ் ஊசி போட்டதும் நாய் வளர்ப்பதற்கான உள்ளாட்சி உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். சென்னை மாநகராட்சியில் இணையவழியே செய்யலாம். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 50 ரூபாய். உங்கள் படம், முகவரிச் சான்று, நாயின் படம், ரேபிஸ் சான்று தேவைப்பட்டன. ஊசிச் சீட்டில் இருக்கும் உரிமையாளர் பெயரும் முகவரிச் சான்றில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். என் முதல் விண்ணப்பம் திரும்பியது அதனால்தான். உரிமத்தைப் புதுப்பிக்கவும் ரேபிஸ் சான்று காலாவதியாகாமல் இருக்க வேண்டும். தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் போட்டிருந்தால் அந்த எண்ணைப் போனிலும் ஊசிச் சீட்டிலும் குறித்து வையுங்கள்.

சிட்டுவுக்கு நான் கொடுத்தது 12,000 ரூபாய். முதல் ஆறு மாதத்தில் ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, டாக்டர் கட்டணம் எல்லாம் சேர்த்து 6,500 அளவில் ஆனது. அரசு கால்நடை மருத்துவமனையில் போட்டால் இது பாதியாகக் குறையும். சாப்பாடு மாதம் 2,500. மதில் வலைக்குத் தனியாக 4,000. இவை போக 10,000 ரூபாயைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். முதல் குட்டியின் சிகிச்சைக்கு இரண்டே நாளில் 9,000 ஆனது.

10. ஆறாம் மாதம்: கருத்தடை பற்றிப் பேச வேண்டிய நேரம்

எப்போது செய்வது என்பதில் டாக்டருக்கு டாக்டர் கருத்து வேறுபடும். எலும்பு வளர்ச்சி முடியட்டும் என்று எங்கள் டாக்டர் சொன்னதால் நாங்கள் 14 மாதம் வரை பொறுத்தோம். எப்போது செய்தாலும், அல்லது அடிபட்டுத் தையல் போட நேர்ந்தாலும், மயக்க மருந்து கொடுக்கும் முன் "இது சிப்பிப்பாறை, கிரேஹவுண்ட் மாதிரி ஒல்லி இனம்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். உடம்பில் கொழுப்பு மிகக் குறைவான இந்த வகை நாய்கள் சில பழைய மயக்க மருந்துகளிலிருந்து தெளிய மிக அதிக நேரம் எடுக்கும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். வேறு மருந்துகள் இருக்கின்றன. சிட்டுவின் ஊசிச் சீட்டு அட்டையின் மேலேயே சிவப்பு மையில் இதை எழுதி வைத்திருக்கிறேன்.